ஒன்பதாவது இடத்தில் ஒரு லேடி டாக்டர்

மேல்சபையில் எதை என்றைக்குப் பேசுவது என்பதைத் தலைவரும் மந்திரியும் கூடித் தீர்மானிக்கிறார்கள் என்பார்கள். நான் பார்த்தவரை அதைத் தீர்மானித்தது காட்பாடி வழியாகப் போகும் சாயங்கால ரயில்தான்.

என் வீட்டுக்காரர் வேலூரில் வக்கீல். யுத்தத்துக்கு முந்தி இரண்டொரு வருஷம் சென்னை மேல்சபையில் மெம்பராக இருந்தார். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. கான்வென்ட் சிஸ்டர்கள் விரலில் தட்டித் தட்டி வரவழைத்த இங்கிலீஷ் கையெழுத்து என்னிடம் இருந்தது. ஆகவே சம்பளமில்லாத காரியதரிசி ஆனேன். மாதர் சங்கமோ, பள்ளிக்கூடக் கமிட்டியோ, கல்யாணப் பேச்சோ, முக்கியமான விஷயம் கடைசியில் மாட்டிக்கொள்ள, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

பேரணாம்பட்டு வண்டி

லாங் பஜாருக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாள் திரை போட்ட வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கதீஜா பீ. பேரணாம்பட்டில் அவர் புருஷருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு; கேஸ் விஷயமாக எங்களுக்குப் பழக்கம். அந்த அம்மாளின் மருமகளுக்கு வலி கண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், குடியாத்தம் தாண்டுவதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்து, அங்கேயே போய்விட்டது. அழுகையெல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார். பேரணாம்பட்டுக்குச் சர்க்கார் ஒரு லேடி டாக்டரைப் போடவேண்டும், ஐயா சபையில் பேசவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

என் வீட்டுக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் சும்மா இருக்கவேண்டியதுதானே? தீர்மானம் கொடுக்கவேண்டும், கெடு நாளுக்குள் கொடுக்கவேண்டும், அப்புறம் குலுக்கல் போடுவார்கள், குலுக்கலில் எந்த இடம் வருகிறதோ அந்த வரிசையில்தான் பேசமுடியும் என்று கோர்ட்டில் வாதாடுவதுபோல விளக்கினார். கதீஜா பீ என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பேசறதுக்கே வரிசைல நிக்கணுமா, வக்கீலம்மா? அப்ப செய்றதுக்கு?"

நாற்காலி வேறு

பேரணாம்பட்டில் ஒரு லேடி டாக்டரும் அவருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று அழகாக எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. ஒரு தீர்மானத்தில் ஒரு விஷயம்தான் இருக்கலாமாம். நானே அவரோடு சென்னைக்குப் போய், சபை ஆபீஸ் குமாஸ்தாவிடம், ஆஸ்பத்திரி இல்லாமல் டாக்டர் மரத்தடியிலா பிரசவம் பார்ப்பார் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எனக்காக மிகவும் வருத்தப்பட்டவராகச் சொன்னார்: "டாக்டர் ஒரு தீர்மானம்மா. அவங்க உக்கார்ற நாற்காலி வேற தீர்மானம்."

குதிரை மிரளும் சங்கதி

ஆஸ்பத்திரியை வெட்டிவிட்டு டாக்டரை மட்டும் அனுப்பினோம். குலுக்கலில் ஒன்பதாவது இடம். அந்தக் குலுக்கல் நாளன்று நான் மூன்று சாமிகளுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். கான்வென்ட்டில் படித்தால் ஒரு சாமி கூடுதல். முதல் இடம் சித்தூர்ப் பக்கத்து ஜமீன்தார் ஒருவருக்கு. மோட்டார் வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் குதிரைகள் மிரளுகின்றன என்பது அவர் தீர்மானம். பெண்கள் காலரியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். மிரண்ட குதிரைகளின் பெயர், பரம்பரை, குணம் ஒன்றையும் விடவில்லை மனுஷர். இரண்டாவது ஆள் எழுந்திருக்கும்போதே மெம்பர்கள் சாயங்கால ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது தீர்மானம் வரைக்கும்கூடப் போகவில்லை, சபை கலைந்தது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் மணியடித்தால் பேசிக்கொண்டிருக்கும் வாய் பாதியில் மூடும். அவரைத் தலைவராகப் போட்டிருந்தால் ஒன்பதும் முடிந்திருக்கும்.

அடுத்த கூட்டத்திலும் அதே குதிரைகளோடு ஜமீன்தாருக்கு முன்னிடம், எங்களுக்குப் பின்னிடம். ஒரு தாயும் பிள்ளையும் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து உங்கள் இடத்தை விட்டுக்கொடுங்கள் என்று என் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று கேட்டார். ஜமீன்தார் கெட்டவர் அல்ல. அன்பாக அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்: "உங்க விஷயம் அவசரமானது, வக்கீல் சார், எப்ப கொண்டாந்தாலும் கேப்பாங்க. என்னுதை இன்னிக்கி விட்டா அப்புறம் எவன் கேப்பான்?"

ஆம்பூர் விருந்து

இதற்குள் கதீஜா பீயின் மருமகள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஆள் மேல் ஆள் சொல்லியனுப்பினார். எனக்கு வீட்டில் அரிசி களையும்போதுகூடச் சபை ஞாபகம்தான்.

இந்தத் தடவை எங்களுக்கு மூன்றாவது இடம், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத் தொழுகைக்காகச் சபையை நிறுத்தி, பிறகு கூட்டுவது வழக்கம். முதல் இரண்டும் தொழுகைக்கு முன்பே முடிந்துவிடும்; திரும்பக் கூடியதும் நாங்கள்தான். ஆம்பூர்த் தோல் வியாபாரி காதர் சாயபு, அவரும் மெம்பர், எங்கள் கட்சி. வாய்ப் பேச்சை அவர் நம்பமாட்டார். ஓட்டு விழவேண்டுமானால் மெம்பர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று, ஆம்பூரிலிருந்து பக்கிரியையும் பெரிய சமையல் தேக்சாக்களையும் ரயிலேற்றிக் கொண்டுவந்து, திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் பிரியாணி இறக்கிவிட்டார். பக்கிரி என்பது அவருடைய சமையல்காரர் பெயர். சைவக்காரர்களுக்குத் தனிப் பந்தி. வேண்டாம் என்றவரையும் கையைப் பிடித்து உட்காரவைத்தாராம்.

சபை திரும்பக் கூடியது. தலைவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, எங்கள் டாக்டரை வாயெடுத்துச் சொல்வதற்குள் யாரோ, போதுமான மெம்பர்கள் இல்லை, கோரம் இல்லை என்றார்கள். மணியடித்தது. தலையை எண்ணினார்கள். மணி மறுபடியும் அடித்தது. வந்தது காதர் சாயபு ஒருவர்தான், ஓட்டமும் நடையுமாக, நெற்றியெல்லாம் வேர்வையாக. சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். வெளியே படிக்கட்டில் நான் அவரைப் பார்த்த பார்வைக்கு எந்த மனுஷனும் ஓடியிருப்பான். அவர் ஓடவில்லை. மனசார எனக்குத் தைரியம் சொன்னார்: "ஒண்ணும் பேஜாராவாதம்மா. அத்தினி பேரும் நம்ம பக்கம்தான். தூங்கறாங்க."

முதல் இடம்

அதற்கடுத்த குலுக்கலில் எங்களுக்கு முதல் இடம் கிடைத்தது. நம்ப முடியாமல், சபையிலிருந்து வந்த வரிசைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவருடைய கோட்டுக்கு நானே இஸ்திரி போட்டேன். பேச்சை எழுதி, அதில் அவர் சேர்த்த லத்தீனை எல்லாம் அடித்து, வீட்டிலேயே நிற்கவைத்துப் பேசச் சொல்லிக் கேட்டேன். நன்றாகவே பேசினார். அப்போதுதான் யுத்தம் வந்தது. மந்திரிசபை ராஜினாமா செய்தது. சபை கூடவில்லை. முதல் இடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வேலூரில் உட்கார்ந்திருந்தோம்.

இதைக் கதீஜா பீயிடம் யார் சொல்வது? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கீலுக்குத் தைரியமில்லை. நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த மருமகளுக்கு மாதம் நிறைந்திருக்குமே என்ற ஒரே நினைப்பு. பேரணாம்பட்டில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தால், ஷாப்புக்காரர் ஒருவருடைய காலி வீட்டின் முன்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் வெள்ளைத் திரை தொங்குகிறது. வேலூரில் படித்த நர்ஸம்மா ஒருவர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பு வீட்டுப் பெண்கள் கூடிப் பேசினார்களாம். எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்; மத்தியானத் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, சாயங்கால அஸர் தொழுகைக்கு எழுந்திருப்பதற்குள் வீடு யாருடையது, நர்ஸை யார் கூட்டிவருவது, சாப்பாடு எந்த வீட்டிலிருந்து என்று முடித்துவிட்டார்கள்.

அதே வீட்டின் உள்கட்டில் மருமகள் படுத்திருந்தாள். பக்கத்தில் கறுகறுவென்று முடியோடு ஒரு பெண் குழந்தை, வீடே அதிரும்படி அழுதுகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, முதல் இடம் கிடைத்ததையும் சபை கூடாமல் போனதையும் அவசர அவசரமாகச் சொன்னேன். கதீஜா பீ பொறுமையாகக் கேட்டார். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இனிமே அவசரமில்ல, நிதானமா பேசிக்கலாம்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றாமல் இவ்வளவு பாடுபட்ட காலம் என் ஆயுளில் வேறில்லை, இவ்வளவு சந்தோஷமாக இருந்த காலமும் வேறில்லை.