குளிரில் தேறாத மூன்று கருவிகளும் மைதீன் அண்ணனும்

போன வியாழக்கிழமை ராஜபாளையத்தில், எங்கள் பட்டறையின் சால்டரிங் மேசையில் இருந்தபோது மைதீன் அண்ணன் மனைவியிடமிருந்து போன் வந்தது. “தங்கச்சி, ஒங்க அண்ணன் மவுத்தாயிட்டாவ” என்றார். மறுநாள் மேலாளர் என்னிடம், “என்ன இருந்தாலும் நம்ம பழைய ஆளு. இரங்கல் கூட்டத்துல வாசிக்க நாலு நல்ல வார்த்தை எழுதும்மா” என்றார். எழுதிவிட்டேன் சார். முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

நம் பட்டறையில் செய்வது செயற்கைக்கோளுக்குள் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் கருவி, தீப்பெட்டி அளவுதான். இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். அதைச் சோதிப்பவர் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். என் சால்டரில் குறை கண்டால், “எம்புட்டு அவசரம்! மேல போய் நீயா ஒட்டப் போற?” என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் பிரித்துத் திரும்ப வைப்பேன்.

போன வருடம் பன்னிரண்டு கருவிகள் அனுப்ப வேண்டியிருந்தது. சூட்டில் எல்லாம் தேறின. குளிர்ப் பெட்டியில் வைத்ததும் மூன்றில் ஒரு பக்கம் சிக்னல் இறங்கிவிட்டது.

“ராஜபாளையத்துல என்ன பனிக்கட்டியா பெய்யுது? அனுப்பும்” என்றார் மேலாளர்.

“ராஜபாளையத்துல பெய்யாது சார். மேல பூமியோட நிழல்ல போனா வெறச்சிரும்” என்றார் அண்ணன். அனுப்பச் சம்மதிக்கவே இல்லை.

மேலாளர் புதுத் தாளில் எல்லாம் தேறியதாக எழுதி, அடியில் அண்ணன் பெயரைத் தானே போட்டு அனுப்பினார். வாங்கியவர்கள் சோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். அன்று நம் எல்லோரையும் நிற்கவைத்து, “சோதிக்காமலே கையெழுத்துப் போட்ட பய” என்று அண்ணனை வெளியே துரத்தினார். உண்மை தெரிந்த நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காக என்னையும் மன்னிக்க மாட்டேன்.

அந்தப் பெயரோடு அவரை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் செல்போன் பழுது பார்த்தார். “நடந்ததைச் சொல்லிரட்டுமாண்ணே?” என்று அங்கே போய்க் கேட்டேன்.

“நான் இருக்குற வரைக்கும் வேண்டாம். ஒனக்கும் வேலை போயிரும்.”

இப்போது அவர் இல்லை. ‘மூன்று, குளிரில் தேறவில்லை’ என்று அவர் எழுதிய முதல் தாளை மேலாளர் கசக்கி எறிந்தார். குப்பைக்கூடையிலிருந்து அதை எடுத்தவள் நான். அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கருவிகளை வாங்கியவர்களுக்கு அதன் நகல் இன்று காலை போய்விட்டது.

என் ராஜினாமாக் கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது சார். அடியில் என் பெயரை நானேதான் எழுதியிருக்கிறேன்.