கண்ணாடியின் திரை

இஸ்திரிப் பெட்டிக்கடியில் சேலை கருகிய வாடை இன்று மூக்கிலேறியதும், எழுபதுகளில் தூத்துக்குடிக்கு வெளியே ஒரு தீவில் அப்பா காத்த கலங்கரை விளக்கத்தின் படிகளில் மறுபடி நின்றேன்.

விடிந்து விளக்கை அணைத்ததும் அதைச் சுற்றியிருக்கும் ஆளுயரக் கண்ணாடியை அப்பா திரையிட்டு மூடிவிடுவார். வெயில் அதற்குள் புகுந்தால் ஒரே புள்ளியில் குவிந்து தீப்பிடிக்கும் என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் ஒன்பது வயதில் ஒருநாள், அது சுவரில் விரிக்கும் வானவில்லுக்காகத் திரையை விலக்கிப் பார்த்தேன், மூட மறந்து சிப்பி பொறுக்கப் போய்விட்டேன்.

மேலே புகை. அப்பா ஓட, குடத்தோடு அம்மா ஓட, பின்னால் நான். திரை எரிந்தது; ஒரு கை தூரத்தில் மண்ணெண்ணெய்த் தகரம்.

"ஏளா, தண்ணி ஊத்திராத! சூட்டுல கண்ணாடி தெறிச்சிரும்!" என்று அம்மாவிடம் கத்திய அப்பா, எரியும் துணியை வெறுங்கையால் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தார்.

திரையை விலக்கியது யார் என்று அவர் கேட்கவேயில்லை. பொழுது சாய்ந்ததும், துணி சுற்றிய கைகளோடு என்னை மேலே கூப்பிட்டார்.

"ஏளா, வெரலு மடங்க மாட்டேங்கு. கப்பல் வார நேரம். நீ பத்த வை."

முதல் இரண்டு தீக்குச்சிகளும் என் விரல்களுக்குள்ளேயே ஒடிந்தன.