மறுபத்தியத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

தெரியாத சொல்லுக்கும் அர்த்தம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதிக்கு ஆயுர்வேதத்திலும் மருந்து கிடையாது.

என் மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் இருந்துவிட்டு மம்சாபுரத்தில் விவசாயம் பார்ப்பவர். இரண்டு கைகளிலும் சொரியாசிஸ். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரே ஆசை: சட்டையில்லாமல் துண்டோடு மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். தோல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடமும் போனார்.

கஷாயம், எண்ணெய், காலையில் மூச்சுப் பயிற்சி, தியானம். கோழி, கருவாடு, கத்தரிக்காய் கூடாது. ஒரு மண்டலம் மருந்து, ஒரு மண்டலம் மறுபத்தியம் என்று சீட்டில் எழுதியிருந்தது. பட்டாளத்துக்காரர்; உத்தரவுக்கு அர்த்தம் கேட்கிற பழக்கம் இல்லை.

விடிந்ததும் பைக்கில் ராஜபாளையம் வந்து யோகா வகுப்பில் உட்காருவார். துணைக்கு நானும் சேர்ந்தேன். சவாசனம் எனக்கு முதல் நாளே கைகூடிவிட்டது. குறட்டை பொறுக்காமல் டீச்சர் தட்டி எழுப்பினார். மச்சானோ ஒரு நாள் தவறவில்லை. செதில் உதிர்ந்தது. அரைக்கைப் பனியனோடு வர ஆரம்பித்தார். சும்மா இருக்கையில் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மருந்து முடிந்ததும் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, இந்த மறுபத்தியம்னா என்ன?"

"கல்யாணம் முடிஞ்சா மறுவீடு. அங்க என்ன போடுவாங்க?"

"கறிச்சோறு."

"பத்தியம் முடிஞ்சா மறுபத்தியம். அம்புட்டுதான் மச்சான்!"

"அப்படியா சொல்லுதிய?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "வைத்தியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா கொறைஞ்சா போயிருவிய?" என்றாள். மச்சானுக்குக் கோழிக்குழம்பு வைக்கச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். அவரும் ஒரு பிடி பிடித்தார். யோகாவுக்கும் நானே லீவு கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து முழங்கையில் மறுபடியும் சிவப்பு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வைத்தியரிடம் ஓடினோம்.

"மருந்தை நிறுத்தின பொறவும் அதே பத்தியத்தை அம்புட்டு நாளும் காக்கணும். அதுக்குப் பேருதான் மறுபத்தியம். சாப்பாட்டாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், திரும்பத் திரும்ப வர்ற வியாதிதான். ஆனா, யாரு உங்களுக்கு இப்படி அர்த்தம் சொன்னது?"

என் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

"நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார் மச்சான்.

மணையில் முழுக்கைச் சட்டையோடுதான் உட்கார்ந்தார், மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு. தாரை வார்த்த தண்ணீர் சட்டைக் கையை நனைத்தது. மடித்துவிட யாரோ கை நீட்டியபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் கிட்டே போனேன். "மச்சான், என் வாயாலதான்..."

"தள்ளி நில்லுங்க மாப்ள, போட்டோ எடுக்காங்க."