வாரண்டி உள்ளவரை

கடலூர் கார் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. சிதம்பரத்திலிருந்து தன் புதிய சிவப்புக் காரில் வந்திருந்தார். சின்ன வண்டிதான், மிதித்தால் சீறும். செல்போனைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்ஜினை டியூன் பண்ணா இன்னும் பறக்குங்க. பாண்டியில ஒருத்தரு பண்றாரு. ரொம்ப நாள் ஆசை."

"பண்ணிட வேண்டியதுதானே?" என்றேன்.

"வெளியில கை வச்சா வாரண்டி போயிடும். இங்க சேத்துக்க மாட்டாங்க."

"செலவு ஜாஸ்தியாவும்னு யோசிக்கிறீங்களா?"

"காசு கெடக்கட்டுங்க. மாசாமாசம் இவுங்கதான் போன் பண்ணி, வண்டி நல்லா ஓடுதா சார்னு கேக்கறாங்க. வேற யாரு எனக்குப் போன் பண்றாங்க?"

சிதம்பரம் சாலையில் சிவப்புக் கார் கடக்கும்போதெல்லாம் இன்ஜின் சத்தத்தைக் கவனிக்கிறேன். அது மாறாமலிருந்தால் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.