குறுக்குக்கோட்டில் ஒரு சாக்கு

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் சர்வேயர். இருபது வருடத்துக்கு மேல், மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நிற்கும் கருவியில் கண்ணை வைத்துத்தான் சம்பாதித்தேன். பிறகு டிரோன் வந்தது. நான் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று அளக்கும் பள்ளத்தை அது அரை மணி நேரத்தில் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். என்னை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஏசி அறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் உள்ள ஒரு புள்ளியைக் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. நான் ஏர் கன் வாங்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லைசென்ஸ் தேவைப்படாத, சக்தி குறைந்த ரகம். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும். ஒரு ஈயக் குண்டைப் போட்டு மூட வேண்டும். வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், மதில் சுவரை ஒட்டி ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய துணியைத் திணித்து வைத்தேன். அதன் மேல் அட்டை. பத்து மீட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது குண்டு.

துப்பாக்கியின் மேல் வைக்க முதலில் வாங்கிய ஸ்கோப் ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுவது. எண் பெரிதாக இருந்தால் பொருளும் உசத்தி என்று நினைத்தேன். இத்தனை வருடம் கருவிகளோடு பழகியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் நன்றாக அடித்தது. மூன்றாவது வாரம் குண்டுகள் அட்டையின் நான்கு மூலைக்கும் போயின. ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே எதுவோ கடகடவென்றது.

திருச்சியில் விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் கடைக்காரர் அதை ஒருமுறைதான் ஆட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் கன்னுல மாட்டுனீங்களா சார்?"

"ஆமா."

"அதான். பெரிய துப்பாக்கி பின்னால மட்டுந்தான் உதைக்கும். இது பின்னால ஒரு உதை, உடனே முன்னால ஒரு உதை. சாதா ஸ்கோப்பு அந்த ரெண்டாவது உதைக்குத் தாங்காது. இதுக்குன்னே செஞ்சது இருக்கு."

அவர் நான்கு மடங்கு காட்டும் ஒன்றை எடுத்து வைத்தார். எனக்கு அது சின்னதாகப் பட்டது. "எத்தன தூரத்துல அடிக்கிறீங்க? பத்து மீட்டருக்கு எதுக்கு சார் ஒம்போது? ஒம்போதுல வச்சா உங்க நெஞ்சு துடிக்கிறதுகூட ஆட்டமாத் தெரியும். வெளிச்சமும் கம்மி" என்றார்.

கடை வாசலில் நின்று, எதிர்ச் சுவரில் இருந்த ஆணி ஒன்றின் மேல் குறுக்குக்கோட்டை வைத்தேன். கண்ணை மட்டும் இடமும் வலமும் அசைத்தேன். கோடு ஆணியை விட்டு நகர்ந்தது. முன்பக்க வளையத்தைத் திருகித் தூரத்தைச் சரியாக வைத்ததும் நகராமல் நின்றது. சர்வே வேலையில் முதல் நாள் கற்றுத்தரும் சோதனை அது. அதையே வாங்கிக்கொண்டேன். கண்ணிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி வைத்து மாட்டினேன். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் குண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து குண்டுகள் ஒரே ஓட்டைக்குள் போகும் அளவுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவியின் அண்ணனுக்குச் சிறுவாச்சூரைத் தாண்டி நான்கு ஏக்கர். அந்த வருடம் நான்கிலும் மக்காச்சோளம். கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றி இறங்கியது. ஒரு பன்றி பத்துத் தட்டையைச் சாய்த்து ஒரு கதிரைத் தின்னும். பொங்கலுக்குப் போயிருந்தபோது மச்சான் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். வயலின் ஒரு மூலையில் ஆள் படுத்துப் புரண்டதுபோல் இருந்தது.

"மாப்ள, அந்தத் துப்பாக்கியக் கொண்டாங்களேன்."

"பன்னியச் சுட்டா கேஸ் ஆயிடும். அதோட, இந்தக் குண்டு அதுக்குக் கொசு கடிச்ச மாதிரி."

"சுட வேண்டாங்க. வெரட்டினாப் போதும்."

அதற்கு ஒரு வழி தோன்றியது. ஓடைப் பக்க வரப்பில் கம்பு நட்டு மூன்று எண்ணெய் டப்பாவைத் தொங்கவிட்டோம். பம்ப்செட் கொட்டகையிலிருந்து நாற்பது மீட்டர். விடியற்காலையில் பன்றி வரும்போது நான் டப்பாவை அடித்தால் தலைக்கு மேலேயே சத்தம் கேட்கும். கையால் கயிறு கட்டி இழுத்திருந்தாலும் அதே சத்தம் வந்திருக்கும். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம், அந்த டப்பாவை அடிக்க எனக்கு ஆசை.

ஐந்து நாள் லீவு போட்டேன். முதல் மூன்று விடியலும் நன்றாகவே நடந்தது. மங்கல் வெளிச்சத்திலும் ஸ்கோப்பில் டப்பா தெளிவாகத் தெரிந்தது. சோளத்தட்டை சலசலக்கும், நான் அழுத்துவேன், டப்பா 'டங்'கென்று அலறும், உறுமிக்கொண்டே கூட்டம் ஓடைக்குள் இறங்கும். மச்சான் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

நான்காம் நாள் பனி அதிகம். நடு டப்பாவுக்குக் கீழே, வரப்பை ஒட்டி, பழுப்பாக ஒன்று குனிந்தபடி அசைந்தது.

"ஒத்தப் பன்னி மாப்ள. சத்தத்துக்குப் பழகிடுச்சு போல. டப்பா வேணாம், பின்னந்தொடையில ஒண்ணு வைங்க. வலிச்சாத்தான் வராது."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. டப்பாவில் நின்ற கோட்டை மெல்லக் கீழே இறக்கிப் பழுப்பின் நடுவில் நிறுத்தினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். விரல் விசையில் ஏறிவிட்டது. முதல் இழுப்பு முடிந்து, இனி ஒரு சிறு அழுத்தம்தான் பாக்கி.

அப்போது பழுப்புக்குப் பக்கத்தில், வட்டத்தின் கீழ் ஓரத்தில், நீலமாக ஒன்று தெரிந்தது. ரப்பர் செருப்பு. அதற்குள் ஒரு கால்.

விரலை எடுத்துவிட்டேன். குழலைத் தரைக்குத் திருப்பினேன். பழுப்பு நிமிர்ந்தது. பனிக்காகச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஆட்டுக்குப் புல் அறுக்கும் பெண். ஐம்பது வயதிருக்கும். மச்சான் வயலுக்குக் களை எடுக்க வருபவர்தான். அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். அரிவாளோடு நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"என்னங்க, என்னயவா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

மச்சான் முந்திக்கொண்டார். "இல்லம்மா, டப்பாவ. பன்னி வெரட்ட."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "டப்பாவ இல்லீங்க. பன்னின்னு நெனச்சு உங்களத்தான் குறி பாத்தேன். செருப்பப் பாத்துட்டு நிறுத்திட்டேன்."

மச்சான் பீடியைத் தேடினார்.

"கத்திக்கிட்டே வரணும்மா நீயும்" என்றார் பிறகு.

"நான் எதுக்குங்க கத்தணும்? முப்பது வருசமா இந்த வரப்புலதான் புல்லு அறுக்கிறேன். துப்பாக்கி நேத்து வந்துச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அறுத்த புல் வரப்பிலேயே கிடந்தது.

"ஒண்ணும் ஆவலையே மாப்ள. ஏர் கன்னுதான?" என்றார் மச்சான். கண்ணில் பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று சொன்னேன். பிறகு யோசித்தபோது எனக்கு உறுத்தியது குண்டு அல்ல. அந்தப் பழுப்பு என்னவென்று தெரிந்துகொள்ளவே நான் துப்பாக்கியை அதன் மேல் நீட்டினேன். பார்ப்பதும் குறிவைப்பதும் ஒன்றாகிவிட்டது. சர்வேக் கருவியில் அந்த ஆபத்து இல்லாததால் இருபது வருடத்தில் எனக்கு அந்த எச்சரிக்கை பழகவில்லை.

மனைவியிடம் அன்றே சொன்னேன். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

மாலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்கொட்டகையில் தட்டி கட்டிக்கொண்டிருந்தார். கிடந்த புல்லைக் கட்டாகக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். வாங்கி ஆட்டுக்குப் போட்டார். "தப்பு என்னுதுங்க. இனிமே இங்க அதக் கொண்டாரமாட்டேன்" என்றேன்.

"கொண்டாராதீங்க" என்றார். தட்டியின் கட்டை இறுக்கி முடித்தார். பிறகு, "டப்பா கட்டுன எடமே தப்பு. பன்னி அந்தப் பக்கமா ஓடுது, ஆனா வரல. வேலிக்கருவைக்குக் கீழ ஒரு பொந்து இருக்கு, அதுவழியாத்தான் நொழையுது. தெனமும் பாக்கிறேன். உங்க மச்சான் கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றார்.

மறுநாள் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வர விருப்பமில்லை, ஆனாலும் வந்தார். அந்தப் பெண் முன்னால் நடந்து இடத்தைக் காட்டினார். பொந்தை முள்ளால் அடைத்து, ஓடை ஓரம் முழுக்கப் பழைய புடவைகளை வரிசையாகக் கட்டினோம். என் மனைவியின் புடவைகளும் அதில் இருந்தன. பன்றி அடியோடு நிற்கவில்லை. குறைந்தது. கால்வாசி போனது போக மீதியை மச்சான் அறுத்தார். அந்தப் பெண் அந்த அறுப்புக்கு வந்தார். என்னிடம் பேசினார். துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஏர் கன் இப்போது அரியலூர் வீட்டுச் சந்தை விட்டு எங்கும் போவதில்லை. தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையை ஒட்டி, கேட்டைப் பூட்டி, சந்தின் இரு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். குண்டுகள் முன்பு போல ஒரே ஓட்டைக்குள் போவதில்லை. கடைசி அழுத்தத்துக்கு முன்னால் விரல் ஒரு கணம் தயங்குகிறது, குண்டு இடது பக்கம் விலகுகிறது. திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்கோப்பில் கோளாறில்லை.