மூன்று முறை ஒட்டிய டியூப்

ப்ளாஸ்க்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். ஐஸ் கட்டிகள் மோதுகிற சத்தம் கேட்கவில்லை. வெறும் தண்ணீர் அலம்புகிற சத்தம்தான். அந்தத் தண்ணீருக்குள் துணி சுற்றிய ஒரு சின்னக் குப்பி. என் அக்கா பெண் வேதாவின் உயிர் அந்தக் குப்பியில் இருந்தது. கார் நகரவில்லை. மூன்று தடவை ஒட்டியும் டயரில் காற்று இறங்கிவிட்டது. எனக்கு எதுவும் புரியவில்லை.

பெருமாள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கிற நம் சனிக்கிழமை கோஷ்டியில் இதைச் சொல்லச் சொல்லிப் பலர் கேட்டார்கள். இரண்டு வாரம் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காரணம் வெட்கம் இல்லை. பெருமாள் என் பிரார்த்தனைக்கு இரங்கினார் என்று சொல்ல எழுந்தால், நான் பிரார்த்தனை பண்ணினேனா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. எங்கள் வீட்டில் பெருமாளிடம் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை. சரணாகதி பண்ணியாயிற்று, பாரத்தை அவன் திருவடியில் வைத்தாயிற்று. பிறகு தினமும் போய் அதைக் கொடு, இதைக் கொடு என்று நின்றால், வைத்த பாரத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டதாக அர்த்தம் என்பார் அப்பா. பரீட்சைக்குப் போகும்போதுகூட நான் சேவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவன்.

சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம், போன பங்குனி மாசம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மைசூரில் ஒரு காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் குண்டலுபேட்டைக்குப் போனேன். அங்கே அக்காவின் கணவர், என் அத்திம்பேர், டாக்டர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. எனக்கு அந்தக் கார் என்றால் உயிர். கழற்றுவேன், மாட்டுவேன், கறுப்புக் கையோடு சாப்பிட வந்து அக்காவிடம் திட்டு வாங்குவேன். மூன்று வயசு வேதா பக்கத்திலேயே நிற்பாள். நான் டயருக்குக் காற்றடிக்கும்போது அவளும் பம்பைப் பிடித்துக்கொண்டு என்னோடு எழுந்து எழுந்து உட்காருவாள். "மாமா, காத்தடி, மாமா, காத்தடி" என்று தெருவே அதிரும்.

அந்தக் குரல் ஒரு புதன்கிழமை கம்மிவிட்டது. வியாழக்கிழமை காலையில் அத்திம்பேர் அவள் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு டார்ச்சை அணைக்க மறந்து நின்றார். டிப்தீரியா. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை படர்ந்து மூச்சை அடைக்கிற நோய். அதற்கான சீரம் மைசூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். குழந்தையை விட்டு அவர் நகர முடியாது. ஒரு சீட்டு எழுதிச் சாவியையும் ப்ளாஸ்க்கையும் என் கையில் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இது அவ உடம்புல ஏறியாகணும்டா சேஷு. ஐஸ் போட்டுக் கொண்டா. வழியில நிக்காதே."

அக்கா வாசல்வரை வந்தாள். அழுதுகொண்டே என்னைத் திட்டவும் செய்தாள். "டேய், போற வழியில புதுசா ஏதானும் பண்ணிப் பாக்காதேடா. போனோம் வந்தோம்னு வா."

மைசூர் போய்ச் சேர்ந்தேன். சீரம் கிடைத்தது. மார்க்கெட் பக்கம் ஒரு சோடாக்கடையில் ஐஸ் வாங்கி ப்ளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது மணி பத்தரை. நஞ்சன்கூடு பாலம், அப்புறம் பேகூர். எல்லாம் நல்லபடிதான் போனது. பேகூர் தாண்டி ரெண்டு மைல் போனதும் கார் இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். பின் சக்கரம் தட்டையாகக் கிடந்தது.

ஸ்டெப்னி இல்லை. அது கிழிந்து ரெண்டு மாசம் ஆகிவிட்டது. புது டயருக்கு சர்க்கார் பெர்மிட் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு அத்திம்பேர் காத்திருந்தார். ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியும். எல்லாச் சாமானும் டிக்கியில் இருந்தது. பதினைந்து நிமிஷ வேலை.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். லீவரால் டயரை நெம்பி டியூபை உருவினேன். சாலையோர ஓடையில் அமுக்கினால் ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டினேன். அப்போது யாரோ ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் வந்து என்னவோ சொன்னாள். நான் தலையைத் தூக்கவே இல்லை. "ஹோகம்மா, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

காற்றடித்துக்கொண்டிருந்தபோது குண்டலுபேட்டை பஸ் வந்தது. பாகவதர்களே, இதை எழுதக் கை வரவில்லை. நான் அந்த பஸ்ஸுக்குக் கை காட்டவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே, நான் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடுவேன் என்று நினைத்தேன். டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கூடப் பார்த்தார். நான் பெரிய மனுஷனைப் போலக் கையை ஆட்டி, போ என்றேன்.

இருபது கெஜம்தான் ஓடியது கார். மறுபடி தட்டை.

கழற்றிப் பார்த்தால் என் ஒட்டு நன்றாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு ஓட்டை! இது எப்படி? ரப்பர் பழசு, ஒட்டின இடத்தைச் சுற்றி வலுவிழந்துவிட்டது, காற்றழுத்தம் தாங்கவில்லை என்று ஒரு தியரி கட்டினேன். பெரிய பேட்சாக வெட்டி இரண்டு ஓட்டையையும் மூடினேன். காற்றடிக்கும்போது, "பெருமாளே, இது தாங்கட்டும்" என்று வாயில் வந்துவிட்டது. உடனே, நான் கேட்கவில்லை, தகவல் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். பகவானிடமே வக்கீல் பேச்சு!

இந்தத் தடவை பத்து கெஜம்கூடப் போகவில்லை.

மூன்றாவது ஓட்டை. அதுவும் அங்கேயேதான். வெயில் மண்டையைப் பிளந்தது. மணி ரெண்டு தாண்டிவிட்டது. ஏழு மைல் நடந்தே போகலாமா? இதை முதலிலேயே நினைத்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேனே. இனிமேல் நடந்தால்? காரை விட்டுவிட்டு ஓடலாமா? எதிரில் மாட்டு வண்டிகூட இல்லை. அடுத்த பஸ் ஆறு மணிக்கு. தலைக்குள் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான் வாய்விட்டே பேசினேன். டியூபைத் திட்டினேன், சொல்யூஷன் டப்பாவைத் திட்டினேன், பெர்மிட் ஆபீஸைத் திட்டினேன், பஸ்ஸை அனுப்பின என் கையைத் திட்டினேன். பேட்ச் ஒன்றுதான் பாக்கி. அதையும் ஒட்டினேன். டயரை மாட்டிக் காற்றடித்து, ஜாக்கியை இறக்கினேன். என் கண்ணெதிரே, ஓட்டாமலேயே, கார் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் ப்ளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தேன்.

சாலை ஓரத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். கையைக் கூப்பினேனா என்று ஞாபகம் இல்லை. கண்ணை மூடினேன். டயரைக் காப்பாற்று என்று கேட்கலாமா, குழந்தையைக் காப்பாற்று என்று கேட்கலாமா, கேட்கவே கூடாதா, கேட்டால் வைத்த பாரத்தைத் திரும்ப எடுத்ததாகிவிடுமா, எடுத்தால்தான் என்ன, குழந்தை செத்துக்கொண்டிருக்கிறதே! எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. "என்னால ஆகலை" என்று உள்ளுக்குள் சொன்னேன். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

"ஏனுங்க சாமி, உசுரு இருக்குதுங்களா?"

கண்ணைத் திறந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாள் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஜல்லி உடைக்கிற சுத்தி. பின்னால், நாற்பதடி தூரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் ஜல்லிக் குவியல், இன்னும் இரண்டு பெண்கள். காலையிலிருந்து அவர்கள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். நான் பார்க்கவே இல்லை.

"இருக்கு," என்றேன். "வண்டிதான் போகலை."

"முள்ள வாங்குனீங்களா?"

"எந்த முள்ளு?"

"வண்டிக் கால்ல ஏறுன முள்ளுங்க."

"ஓட்டையை அடைச்சாச்சும்மா. மூணு தடவை அடைச்சாச்சு."

"ஓட்டைய அடைச்சீங்க சாமி. ஓட்ட போட்டவன் எங்கீங்க?"

அந்த அம்மாள் பேர் மாதம்மாள். தமிழ் பேசுகிற மார்டள்ளிப் பக்கம் ஊர், ரோட்டு வேலைக்கு வந்தவர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. லீவரை எடுத்து டயரை நெம்பினேன். அவர் கையை உள்ளே விட்டு, விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பாதிக்குமேல் வந்ததும் "ஸ்" என்றார். வெளியே எடுத்த விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"இந்தா குந்தியிருக்கறான் பாருங்க."

ஜாலி முள், நம் கருவேல முள்தான். வெளியே முறிந்து டயரோடு டயராகத் தேய்ந்து போயிருந்தது. உள்ளே ஒரு நெல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. கார் கனம் ஏறும்போதெல்லாம் டியூபில் குத்தியிருக்கிறது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தார் மாதம்மாள். செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் காலில் ஏறின முள்ளை எடுக்க வைத்திருப்பார்களே, அதுதான். அதை வைத்து இழுத்தார், நெம்பினார், பல்லைக் கடித்தார். முள் வந்துவிட்டது.

ஒட்டுவதற்குப் பேட்ச் இல்லை. ஏற்கெனவே ஒட்டியிருந்த பெரிய பேட்சைப் பிய்த்து, இரண்டாக வெட்டி, பழைய ஓட்டைக்குப் பாதி, புது ஓட்டைக்குப் பாதி என்று ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே வேதாவின் நோயைச் சொன்னேன். அவர்தான் பேட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நானு மொதல்லயே வந்து சொன்னனுங்க," என்றார். "நீங்கதா ஹோகம்மான்னு நாயத் தொரத்தறாப்புல தொரத்துனீங்க. தமிழ்லதான பொலம்பிக்கிட்டு இருந்தீங்க, அப்பறம் வெரட்ட மட்டும் எதுக்குங்க கன்னடம்?"

மரத்தடியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா, அழுதேனா, தெரியவில்லை.

நாலேகாலுக்குக் குண்டலுபேட்டை. அத்திம்பேர் வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. ப்ளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் காலையில் வேதாவின் தொண்டையிலிருந்த ஆடை கழன்றது. ஐந்தாம் நாள் ரசஞ்சாதம் சாப்பிட்டாள். குரல் திரும்ப இன்னும் பத்து நாள் ஆயிற்று.

எல்லாம் ஆன பிறகு அப்பாவிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். "நான் கேட்டேனா, கேக்கலையா அப்பா?"

"என்ன சொன்னே?"

"என்னால ஆகலைன்னேன்."

"அது கேக்கறதில்லைடா. அது ஒப்புத்துக்கறது. ஆனா அதுக்குமேல கேக்கறதுக்கும் ஒண்ணுமில்லை."

இதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. இன்னொரு குழப்பமும் இருந்தது. அந்த அம்மாள் நான் கண்ணை மூடினதற்கு அப்புறம் வந்தவர் இல்லை. காலையிலிருந்தே அங்கே இருந்தவர். பதில் சொல்ல ஒரு தடவை வந்தும் பார்த்தார். நான் விரட்டினேன். அப்படியானால் பெருமாள் எதற்குப் பதில் கொடுத்தார்? நான் சொல்லாததற்கா?

ஒரு மாசம் கழித்து அக்காவும் நானும் ஒரு புடவை, மஞ்சள் குங்குமம் எடுத்துக்கொண்டு பேகூர்ச் சாலைக்குப் போனோம். ஜல்லி உடைக்கிற இடம் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தது. மாதம்மாள் வேதாவைப் பற்றித்தான் முதலில் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "காத்தடிச்சு காத்தடிச்சு எளச்சுப் போயிட்டீங்க சாமி," என்றார். நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான்தான் விரட்டிட்டேனே. அப்புறம் ஏம்மா மறுபடி வந்தே? யாராவது போகச் சொன்ன மாதிரி இருந்துதா?"

"யாரு சொல்றதுங்க? நீங்க காலைல புடிச்சு ஓயாம பேசிக்கிட்டே இருந்தீங்க. திடீர்னு சத்தத்தக் காணோம். வெய்யில்ல மயங்கி உழுந்துட்டீங்கன்னு பதறிப்போயி வந்தனுங்க."

அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "கேட்டுண்டியோன்னோ? நீ வாயை மூடறதுக்குத்தான்டா பெருமாளே காத்துண்டிருந்தார்!"

இதுதான் நடந்தது. இப்போது எந்த வேலையிலும் மூன்றாவது தியரி கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசாமல் உட்காருகிறேன். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். சாலையில் யாரையும் எந்த பாஷையிலும் விரட்டுவதில்லை. இதற்குப் பிரார்த்தனை என்று பேர் வைக்கலாமா என்று தெரியவில்லை. உங்களுக்கும் கஷ்டம் வரும்போது, எப்படிக் கேட்பது, கேட்கலாமா என்று தெரியாமல் திண்டாடினால், தெரிந்துகொண்டு வருகிறேன் என்று காத்திருக்காதீர்கள். குழப்பத்தோடேயே அவன் முன்னால் உட்காருங்கள். எனக்கு இன்றுவரை தெளியவில்லை, ஆனால் அவன் கைவிடவில்லை.

வேதாவுக்கு வருகிற ஆவணியில் நாலு வயசு. இப்போதும் டயரைக் கழற்றினால் ஓடி வந்துவிடுகிறாள். நான் டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்று வருவதற்குள், "முள்ளு இருக்கா மாமா? முள்ளு இருக்கா?" என்று பத்துத் தடவை கத்துகிறாள். தெருவே அதிர்கிறது. அதைக் கேட்பதற்காகவே நான் ரொம்ப மெதுவாகத் தடவுகிறேன்.