எங்கள் வீட்டு வெல்வெட்டுத் திரை

தோழிகளே, இன்று எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நாகரிகம் வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் தெருப்பக்கம். அதன் கீழேதான் நான் படிப்பேன். திங்கட்கிழமை பரீட்சை.

காலையில் அம்மாவும் நானும் திரைத்துணி வாங்கப் போனோம். துணிக்கடைக்காரர் பூப்போட்ட சிவப்பு வெல்வெட்டை விரித்தார். "பெரிய துரை பங்களாவுல இதத்தான் போட்டிருக்காங்க, அக்கா."

அம்மாவுக்கு அது போதும்.

"அம்மா, இது கம்பளி மாதிரி கனமா இருக்கு. வெளிச்சமே வராது. நான் எப்படிப் படிக்கிறது?"

"நீ படிக்கிறதயா தெருவுல போறவங்க பாக்கப் போறாங்க? திரையத்தான் பாப்பாங்க."

பூக்கள் தெருவைப் பார்க்கும்படி மாட்டினோம். உள்ளே இருக்கும் எங்களுக்குத் துணியின் வெளிறிய முதுகுதான்.

எதிர்வீட்டு மாமி ஓடி வந்தார். "துரை வீடு மாதிரியே இருக்கு லா!"

அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே பூரித்தார். துரை வீட்டில் இன்னும் பத்து ஜன்னல்கள் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"கொஞ்சம் ஒதுக்கி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தொட்டுப் பாரு! மடிப்புக் கலைஞ்சா கைய ஒடிச்சிருவேன்."

பூகோளப் புத்தகத்தோடு பின்வாசலுக்கு வந்து, கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெளிச்சம் இனிக் கோழிகளுக்குத்தான்.

உங்கள் வீட்டில் யாருக்கு?